எல்லோரும் ‘டாக்டர் சொல்றதைத்தான் கேட்போம்’ என்றே சொன்னால்

காய்ச்சலுக்கு மக்கள் எந்த மருந்தை நம்புகிறார்கள் என்று ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கிறீர்கள், எல்லோரும் இந்த ஒரே பதிலையே சொல்கிறார்கள் என்றால், கேள்வியை மாற்றுங்கள். "காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீரை நம்புகிறீர்களா, மாத்திரையையா?" என்று கேட்டால் சென்னையில் எங்கே போனாலும் "டாக்டர் சொல்றதைத்தான் கேட்போம்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக வீட்டில் யாருக்குக் காய்ச்சல்? முதல் நாள் என்ன கொடுத்தீர்கள்? அப்புறம் யாரைக் கேட்டீர்கள்?

ஆஸ்பத்திரியில் ஓ.பி. (வெளிநோயாளிகள்) வரிசையில் வைத்துப் பேசியிருந்தால், இந்தப் பதிலுக்கு அதுவும் காரணமாக இருக்கும். படிவத்தோடு நிற்பவரை அங்கே ஆஸ்பத்திரி ஆளாகத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேரை மட்டும் வீட்டில் சந்தித்துப் பேசி, வரிசையில் எடுத்த பழைய பேட்டிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டாக்டர் சொல்வதை நம்பாதவர்களைப் பற்றி ஆய்வில் "அறியாமை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் செம்மறி ஆடு வளர்ப்பவர்களிடம் பேசினார் சமூகவியலாளர் பிரையன் வின். கதிரியக்கம் படிந்ததால் ஆடுகளை விற்கத் தடை வந்தது; அது மூன்று வாரம்தான் என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். பல பண்ணைகளில் அது வருடக்கணக்கில் நீடித்தது. அந்த மண்ணையும் மேய்ச்சலையும் அறிந்தவர்களை நிபுணர்கள் சரியாகக் கேட்கவே இல்லை. நிபுணர்கள் மீது ஆடு வளர்ப்பவர்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது.

ஒன்று கவனியுங்கள்: பேட்டி எடுக்கும் இடத்தை மாற்றினால், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி வேண்டியிருக்கலாம், முதலில் ஆய்வு வழிகாட்டியிடம் கேளுங்கள். வீட்டில் மருந்து பற்றி உங்களிடம் யோசனை கேட்டால், சொல்லாதீர்கள்.