கேளுங்கள், கதைப்போம்: "இண்டைக்கு என்ன கறி?"

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழை, சோறு, பின்னேரப் பொழுது என்று ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தன. கார்த்திகை மாதம், வேறு என்னத்தைக் கேட்பார்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். எங்கள் வன்னிப் பக்கத்தில் ஊரைச் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவீர்கள் என்பது வேறு கதை.

கேள்வி: கிழமைக்கு ஒருக்கா அம்மாவுக்குப் போன் எடுக்கிறேன். "மழையோ", "சாப்பிட்டியளோ", "என்ன கறி". இந்த மூன்றும் முடிந்தால் இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். வேறு என்னதான் கதைப்பது?
(ரொறன்ரோ, சொந்த ஊர் விசுவமடு)

பதில்: தம்பி, அந்த மூன்றையுமே நீங்கள் இன்னும் முடிக்கவில்லை. "மழையோ" என்று கேட்கிறீர்கள், அவர் "ஓம் மழை" என்கிறார், உடனே அடுத்ததுக்குத் தாவிவிடுகிறீர்கள். எந்த மழை? விதைத்து முடிந்த பிறகு வந்ததா, விதைநெல் சாக்கிலேயே இருக்கும்போது வந்ததா? வளவுக்குள் தண்ணி நிற்குதா? பின்பக்கம் ஒழுகின கூரையைப் போன வருசம் ஆரும் மாத்தினார்களா? இவ்வளவு இருக்கு அந்த ஒரு சொல்லுக்குள்.

கறியும் அப்படித்தான். முல்லைத்தீவுக் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது, வள்ளம் இறங்காவிட்டால் மீன்காரரின் மோட்டார்சைக்கிள் உங்கள் ஒழுங்கைக்கு வராது. அன்றைக்குக் குளத்து மீன், அதுவும் கிடைக்காவிட்டால் கருவாடு. ஆகவே அம்மா "கருவாட்டுக் குழம்பு" என்று சொன்னால் அதுக்குள்ளே ஒரு வானிலை அறிக்கையும் சேர்ந்துதான் வருகிறது. "ஏன், கடல் பெரிசோ?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணித்தியாலம் போகும்.

இன்னொன்று, இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. என்னுடைய அம்மா தனிய இருந்த காலத்தில் நானும் தினம் "சாப்பிட்டியளோ" என்றுதான் கேட்டேன். "ஓம் ஓம்" என்று ஒரு வேகத்தில் பதில் வரும். ஒருநாள் சொல்லாமல் போய் இறங்கினேன், மத்தியானம் ஒரு மணி. அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது, மேசையில் பாண் கால் றாத்தலும் காலமை இடித்த சம்பலும். ஒரு ஆளுக்கு எதுக்கு உலை வைப்பான் என்று கேட்டார். அன்றைக்குப் பிறகு "சாப்பிட்டியளோ" என்று நான் கேட்பதில்லை, "எப்ப சமைச்சனீங்கள், என்ன கறி" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். புளி எவ்வளவு விட்டது என்று துருவினால் பிடிபட்டுவிடும்.

அப்புறம் நேரம். காலமை எட்டு மணிக்கு, வேலைக்குப் போக முதல் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குளிர்காலத்தில் அது இங்கே பின்னேரம் ஆறரை. ரிவியில் நாடகம் தொடங்குகிற நேரம் ஐயா! அம்மா பேசாமல் இருப்பது கதை தீர்ந்ததால் இல்லை. ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஹற்றனிலிருந்து கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். தேநீர்க்கடையில், அலுவலகத்தில், முடிவெட்டுகிற இடத்தில்கூட "குளம் எத்தனை அடி" என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?
(கிளிநொச்சி)

பதில்: அன்றைக்கு எத்தனை அடியோ அதைச் சொல்லுங்கள், உடனே ஊர்க்காரர் ஆகிவிடுவீர்கள். குளம் என்றால் இங்கே இரணைமடு, பெயர் சொல்லத் தேவையில்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. முழுக் கொள்ளளவு என்றால் இப்போது 36 அடி. ஐப்பசியில் ஆள் ஆளைக் கண்டால் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள், ஏனென்றால் மாரி முடியும்போது குளத்தில் எவ்வளவு நிற்கிறதோ அதை வைத்துத்தான் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டுத் தீர்மானிப்பார்கள். மார்கழியில் அதே கேள்வி வேறு குரலில் வரும், வான்கதவு (மிஞ்சின தண்ணியை வெளியே விடுகிற கதவு) திறந்தாச்சோ என்று. 2018 மார்கழியில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்கமாட்டார்கள்.

வானொலியில் சொல்கிற மில்லிமீட்டர் ஒன்றும் பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர், அவ்வளவுதான். 100 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய நான்கு லட்சம் லீற்றர் விழுந்திருக்கிறது. வீட்டுக்கூரையில் வைக்கிற அந்தக் கறுத்த ஆயிரம் லீற்றர் தாங்கியில் நானூறு. இதைத் தேநீர்க்கடையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அன்றைய பிளேன்ரீக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டி வராது.

வைகாசி தொடங்கினால் இன்னொரு அதிசயம் பார்ப்பீர்கள். உங்கள் ஹற்றனில் மழையாய்க் கொட்டுகிற அதே தென்மேல் காற்று, மலையில் எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களிடம் வரும்போது வெறும் காய்ந்த காற்றாய், கண்ணுக்குள் புழுதி அள்ளிப்போட்டுக்கொண்டு வரும். கச்சான் காற்று என்போம். வீட்டுக்குப் போன் எடுத்து "இங்க மழையே இல்லை" என்றால் உங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

கேள்வி: காற்றும் கச்சான், கடலையும் கச்சான். இந்தியாவிலிருந்து வந்த மச்சாள் குழம்பிப் போனா.
(ஒட்டுசுட்டான்)

பதில்: குழம்பட்டும். "கச்சான் அடிக்குது" என்றால் காற்று, "கச்சான் வறுக்குது" என்றால் நிலக்கடலை, வினைச்சொல்லைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவவை முறிகண்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்டி வீதியால் போகிற எந்த வாகனமும் பிள்ளையாரடியில் நிற்காமல் போகாது, தேங்காய் உடைத்துத் திரும்பினால் வரிசைக்குக் கச்சான் கடை. தாச்சியில் மணலைப் போட்டு, மணல் சுட்ட பிறகு கச்சானைக் கொட்டி, அகப்பையால் அள்ளி அள்ளிப் புரட்டுவார்கள். மணல் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டைக் கொடுப்பதால் கோது கருகாமல் பருப்பு வேகும். சூட்டோடு, தாளைச் சுருட்டின சரையில் வாங்க வேண்டும். ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு கச்சானைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே, உங்கள் தோட்டத்தில் இல்லையா?

கேள்வி: மழை நாளென்றால் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு விறாந்தையில் கடதாசி விளையாடப் போய்விடுகிறார். 304 என்று ஒரு விளையாட்டு. ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருகிறார். அதில் அப்படி என்ன இருக்கிறது?
(புதுக்குடியிருப்பு)

பதில்: அக்கா, கணக்கு இருக்கிறது. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி, 32 கடதாசி. யாக்குக்கு (சேவகன்) 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டிப் பாருங்கள், ஒரு இனத்துக்கு 76. நாலு இனத்துக்கும் 304. பெயரே அதுதான். சேவகன் முப்பது எடுக்கிற இடத்தில் ராசாவுக்கு மூன்று, இந்த நீதி வேறு எங்கே கிடைக்கும்?

கையில் நாலு கடதாசி வந்தவுடனேயே கேள்வி கேட்க, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறத் தொடங்கிவிடுவார்கள், மிச்ச நாலும் என்ன என்று தெரியாமலே. கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டுகிற இனத்தின் கடதாசியை, கவிழ்த்து வைப்பார். பிறகு யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதனால்தான் அங்கே இருந்து வருகிற சத்தம் கடதாசிச் சத்தத்தை விடச் சண்டைச் சத்தமாக இருக்கிறது. "நீ ஏன் ஒன்பதை எறிஞ்சனீ" என்று அடுத்த நாள் வயலிலும் தொடரும்.

ஒன்பது மணிக்கு வருவது பிழைதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கேட்கிறேன், நீங்களும் படித்துக்கொண்டு உங்கள் வீட்டு விறாந்தையில் போட்டால் என்ன? என் சின்னம்மா ஒருவர் இருந்தார், அவர் துரும்பு கவிழ்த்தால் ஆம்பிளைகள் வாய் திறக்கமாட்டார்கள். புட்டு அவிய வைத்துவிட்டு வந்து இரண்டு ஆட்டம் வென்றுவிட்டு எழும்பிப் போவார்.

கேள்வி: கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி றேடியோ கேட்டதாக அப்பா சொல்கிறார். புளுகுதானே?
(பரந்தன், வயது 15)

பதில்: இல்லை மகன், அப்பா உண்மைதான் சொல்கிறார். தொண்ணூறுகளில் யுத்தம், வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றறியும் அரசாங்கம் வரவிடாது. சைக்கிளைக் கவிழ்த்து சீற்றிலும் ஹாண்டிலிலும் நிற்கவைப்போம். முன் லைற்றுக்கு இருக்கிற டைனமோவின் தலை ரயரில் உரசும்படி தட்டிவிட்டு, அதில் இருந்து வயரை றேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவது. ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் குழைந்து கிணற்றுக்குள் போய்விடும், கூடினால் இரையும். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சிறுவர்கள்தான் சுற்றுவது, பெரியவர்கள் கேட்பது. முக்கியமான செய்தி வருகிற இடத்தில் கை உளைந்து நின்றுவிட்டேன் என்று நான் ஒருமுறை வாங்கின அடி இன்னும் நினைவிருக்கு. அந்த ஒலிபரப்பு 2017 சித்திரையோடு நின்றுபோனது. எங்கள் வீட்டு டைனமோ அதுக்கு முதலே செத்துவிட்டது.

வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. போத்தலே சிமினி. அதில் படித்துச் சோதனை எழுதினவர்களில் உன் அப்பாவும் ஒருவராக இருக்கலாம், கேட்டுப் பார். அதையும் கேட்டால் அவர் நிறுத்தமாட்டார், சாப்பிட்டுவிட்டுக் கேள்.

கேள்வி: கோவலன் கூத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? விடிய விடிய நடக்குமே.
(முள்ளியவளை)

பதில்: கூட்டிக்கொண்டு போங்கள், கூடவே ஒரு பாயும் கொண்டுபோங்கள். நாங்கள் யாரும் கூத்தை முழுசாய்ப் பார்த்தது இல்லை. தூங்கி, மத்தளம் உயரும்போது முழித்து, மறுபடி தூங்கி, கோவலன் கொலைப்படுகிற கட்டத்துக்கு அம்மா தட்டி எழுப்பிவிடுவா. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பக்கத்தில் இருக்கிற உங்களுக்குக் கண்ணகி கதையைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லியா தர வேண்டும்? பனி விழும், தலைக்குத் துவாய் கட்டிவிடுங்கள்.

கேள்வி: சித்திரையில் உச்சி வெயிலில் நின்றால் என் நிழலே தெரிவதில்லை. எனக்கு ஏதும் பிரச்சினையா?
(நெடுங்கேணி)

பதில்: உங்களுக்கு ஒன்றுமில்லை. வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் நேரே எங்கள் தலைக்கு மேலே வருகிறது, நிழல் காலுக்குக் கீழே சுருண்டுவிடும். அந்த நேரத்தில் வெளியில் நிற்கிறீர்களே, அதுதான் பிரச்சினை.

கேள்வி: பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டுகிறது, என்ன செய்யலாம்?
(மாங்குளம்)

பதில்: பால் காயமுதல் உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அல்லது ஒட்டட்டும் என்று விட்டுவிடுங்கள், வீட்டில் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும்.

கேள்வி: எல்லார் வீட்டுக் கறியையும் விசாரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன?
(தருமபுரம்)

பதில்: இரண்டு நாளாய் அடைமழை, மீன்காரரைக் காணவில்லை. முருங்கைக்காயும் கருவாடும் போட்டு ஒரு குழம்பு, வல்லாரைச் சம்பல், குத்தரிசிச் சோறு. அடுப்படிக்குள் ஒழுகுகிற இடத்தில் வைத்த வாளி நிரம்பிவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். ஊற்றிவிட்டு வருகிறேன்.