காணிக்கைப் பெட்டியில் போட்ட பணமும் ஆறாத மனமும்

கேள்வி: ஐயா, சோமனூருக்கு அருகில் ஒரு ஜவுளி உற்பத்தியாளரிடம் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக்காரர்கள் துணியை அளந்து போடும்போது, இல்லாத குறையை இருப்பதாக எழுதி, கூலியில் கழித்த தொகையை நானே எடுத்துக்கொண்டேன். ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் இருக்கும். 2 ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டேன். உபவாசமிருந்து அழுது ஜெபித்தேன். ஒரு பகுதியைக் காணிக்கைப் பெட்டியிலும் போட்டேன். ஆனாலும் சமாதானம் இல்லை. ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு எழுந்துபோகக் கால் வரவில்லை. நான் ஏமாற்றியவர்களில் ஒருவர் இறந்தும்போனார். தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா? இது மன்னிக்கப்படாத பாவமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரரே, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மன்னிக்கப்படாத பாவம் என்று ஆண்டவர் சொன்னது, பரிசுத்த ஆவியின் செயலைக் கண்ணெதிரே கண்டும் அதைப் பிசாசின் செயல் என்று தூஷித்தவர்களைக் குறித்தே. மன்னிப்புக்காக ஏங்கி எழுதும் உங்களை அது குறிக்காது.

தேவன் கைவிட்டுவிட்டாரா என்று கேட்கிறீர்கள். 32ஆம் சங்கீதத்தில் தாவீது, தன் பாவத்தை அடக்கிவைத்திருந்த நாட்களைப்பற்றி, 'இரவும் பகலும் என்மேல் உம்முடைய கை பாரமாயிருந்தது' என்கிறார். நீங்கள் 2 ஆண்டுகளாகச் சுமப்பது அந்தக் கையின் பாரம்தான் என்று நம்புகிறேன். கைவிட்டவர் கையை உங்கள்மேல் வைத்திருக்கமாட்டார்.

பின் ஏன் சமாதானம் இல்லை? நம் தமிழ் வேதத்தில் 'மனந்திரும்புதல்' என்றொரு அருமையான சொல் இருக்கிறது. கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்பது மனமாற்றத்தையும், எபிரெயத்தில் 'ஷூப்' என்பது போன வழியிலிருந்து திரும்பி வருவதையும் குறிக்கும். தமிழ்ச் சொல்லிலோ மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. உங்கள் மனம் மாறிவிட்டது. ஆனால் யாரிடமிருந்து எடுத்தீர்களோ, அவர்கள் வீட்டு வாசலுக்கு நீங்கள் இன்னும் திரும்பிப் போகவில்லை. பாவுநூல் அறுந்தால் தறியை நிறுத்துவது மட்டும் போதாது, அறுந்த இடத்தைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போட்ட பிறகே ஓட்ட முடியும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மன்னிப்பு கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேதத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களில் இருவரை எண்ணிப்பாருங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசையும் கொண்டுபோய், 'பாவஞ்செய்தேன்' என்று வாயாரச் சொன்னான். யாரிடம் சொன்னான்? பிரதான ஆசாரியரிடம். அவர்களோ, 'எங்களுக்கென்ன, அது உன்பாடு' என்று கையை விரித்துவிட்டார்கள். அவன் ஆண்டவரிடம் திரும்பாமல் மரணத்தைத் தேடிக்கொண்டான். வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவோ எரிகோவில் இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தின்மேல் இருந்தபோது, அவன் ஒரு காசையும் கொடுப்பதற்கு முன்பே, 'இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்' என்றார் இயேசு. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான், அந்தச் சந்தோஷத்தில்தான், அவன் வாயிலிருந்து வந்தது. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். இயேசுவை அறியேன் என்று மூன்றுமுறை மறுதலித்த சீஷரான பேதுருவும் மனங்கசந்து அழுததோடு நிற்கவில்லை. கரையில் நிற்பவர் கர்த்தர் என்று கேட்டவுடன், படகு கரைசேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்து அவரிடம் போனார்.

காணிக்கைப் பெட்டியில் போட்டதைப்பற்றி வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அது உங்கள் பணம் அல்ல. ஆகவே காணிக்கையும் ஆகாது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரம், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தோமோ அவருக்கே கொடுக்கச் சொல்லுகிறது. வாங்கிக்கொள்ள அவருடைய இனத்தார் எவருமே இல்லாவிட்டால் மட்டுமே அது ஆசாரியனைச் சேரும். இறந்தவரின் மனைவி மக்கள் இருந்தால், அந்தத் தொகை அவர்களுடையது. குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை, முன்பு பாவசங்கீர்த்தனம் என்றும் இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்றும் அழைக்கும் கத்தோலிக்க சபையிலும், குருவானவர் பாவமன்னிப்பு அளித்த பின்னும், திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை நீங்குவதில்லை.

முதலில் உங்கள் மனைவியிடமும், பிறகு உங்கள் ஆயரிடமும் சொல்லுங்கள். அளவுப் புத்தகங்களைப் பார்த்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். முதலாளிக்கும் தெரிவித்தே ஆக வேண்டும். அவர் பெயரில் அல்லவா அந்தக் கணக்கு நடந்தது? வேலை போகலாம், வழக்கும் வரலாம். தாவீதின் பாவத்தைக் கர்த்தர் நீங்கச்செய்தார் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன பிறகும், அதன் விளைவுகள் அவர் வீட்டைவிட்டு விலகவில்லை. மொத்தமாகக் கொடுக்க இயலாவிட்டால் தவணையாகக் கொடுங்கள்; ஒரே ஒரு தறியை வைத்துக்கொண்டு சிரமப்படுகிறவரிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், எதிர்வாதம் செய்யாதீர்கள். 'மன்னித்துவிட்டேன்' என்ற சொல்லை அவர்களிடம் வற்புறுத்திக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இல்லை.

கடைசி ரூபாயைக் கொடுத்து முடிக்கும்வரை திருவிருந்துக்குப் போகாமல் காத்திருக்க வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டியதில்லை. இந்த வாரமே இறந்தவரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். வரும் ஞாயிறன்று சபையோடு பாவ அறிக்கை செய்து, எழுந்து போய் அப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.