கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெற்றோர், பிள்ளைகளோடு டிஸ்னி வேர்ல்டு போகலாமா? எப்படித் திட்டமிடுவது?

அட்லாண்டாவில் இருக்கிறோம், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், டிசம்பர் கடைசியில் ஓர்லாண்டோ போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையும் அச்சு அசல் இதேதான், கும்பகோணத்திலிருந்து வந்தவர்கள் என் மாமனார் மாமியார் என்பதைத் தவிர. 2022-இல் கிறிஸ்துமஸ் வாரத்திலேயே போனோம். பட்டுத் தெரிந்துகொண்டு, 2024-இல் அதற்கு முந்தைய வாரம் போனோம்.

போகலாம். ஆனால் முடிந்தால் முந்தைய வாரம் போங்கள். பள்ளிக்கு இரண்டு நாள் மட்டம் போட்டாலும் குடி முழுகிவிடாது. விடுமுறைக்கு முந்தைய அந்த இரண்டு நாளும் ஒன்றாம் வகுப்பில் காகிதத்தில் பனிமனிதன்தான் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரம்தான் அங்கே வருடத்திலேயே மிக நெரிசலான வாரம். டிக்கெட் விலையும் தேதியைப் பொறுத்தது. அந்த வாரத்தில், டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்கு ஒரு நாள் டிக்கெட் 200 டாலரை ஒட்டி வந்து நிற்கும். 3 வயதுக்குக் கீழே இலவசம், 10 வயது முடிந்தால் பெரியவர் கட்டணம், நடுவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குறைவது சொற்பம்தான். ஆறு பேர் என்றால் ஒரு நாளுக்கே ஆயிரம் டாலர் தாண்டும். பல நாள் டிக்கெட்டாக எடுத்தால் நாள் கணக்கில் விலை இறங்கும். அதற்காக நான்கு பார்க்கையும் சுற்றியே தீருவேன் என்று கிளம்பாதீர்கள். பெரியவர்களோடு போனால் இரண்டு பார்க் போதும்: மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம்.

முந்தைய வாரத்தில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் சில இரவுகளில் மேஜிக் கிங்டமில் தனி டிக்கெட் போட்டு கிறிஸ்துமஸ் பார்ட்டி நடத்துகிறார்கள். அன்றைக்குச் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை 6 மணிக்கு வெளியேறிவிட வேண்டும். பாதி நாளுக்கு முழு விலையா என்று பலர் அந்தத் தேதிகளைத் தவிர்ப்பதால், பகலில் கூட்டம் குறைகிறது. மதியத்துக்கு மேல் தாங்காத பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டுக்கு 6 மணி என்ன பெரிய இழப்பு? அலங்காரம், மரம், விளக்கு எல்லாம் அப்போதே வைத்திருப்பார்கள். அந்தப் பார்ட்டியின் அணிவகுப்பை ஓசியில் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் கிறிஸ்துமஸ் வாரம். பார்ட்டி இரவுகள் முடிந்த பிறகு அதை எல்லோருக்குமாக நடத்துகிறார்கள்.

எந்த வாரம் போனாலும் காலை மூன்று மணி நேரம்தான் உங்கள் நாள். பார்க் திறக்கும்போது உள்ளே நின்றால் பதினொரு மணிக்குள் நான்கைந்து ரைடு முடியும். பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தால் அன்று முழுக்க இரண்டு, மூன்று ரைடுதான். முதல் தடவை நாங்கள் செய்தது இரண்டாவது ரகம். ஏழு குள்ளர்கள் சுரங்க ரயில் என்ற ரைடின் வாசலில், காத்திருக்க 120 நிமிடம் என்று பலகை. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மேஜிக் கிங்டமுக்குக் காரில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார் நிறுத்துமிடம் பார்க் வாசலில் இல்லை. நிறுத்திவிட்டு மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியைத் தாண்ட வேண்டும். ஒன்பது மணிக்குத் திறக்கிறதென்றால் எட்டு மணிக்கு முன்பே காரை விட்டு இறங்கியிருங்கள். இரண்டாம் முறை எங்களை எழுப்பிக் கிளப்பியது அத்தைதான். மார்கழி பிறந்தாகிவிட்டது, ஃப்ளோரிடாவாக இருந்தால் என்ன, நாலரைக்குக் குளித்துத் திருப்பாவை சொல்லி, ஐந்தரைக்குப் புளியோதரை கிளறி முடித்திருந்தார்.

புளியோதரையை உள்ளே விடுவார்களா என்றால் விடுவார்கள். வெளிச் சாப்பாட்டுக்குத் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. ஆனால் எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோகாதீர்கள். எங்கள் பையைப் பார்த்ததும் ஸ்கேனர் கூவி, காவலர் ஓரமாகக் கூப்பிட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னார். பெருங்காய வாசனை அந்த மேசையைச் சுற்றிப் பரவியது. அத்தை ஒரு கரண்டி எடுத்துக் கொடுக்கவே தயாராகிவிட்டார். பிளாஸ்டிக் டப்பா போதும். குடிக்க ஐஸ் தண்ணீர் கவுண்டர் கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள், பாட்டில் வாங்க வேண்டாம்.

தங்குவது பற்றி இரண்டு கட்சி உண்டு. டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் தினமும் அரை மணி முன்னதாக உள்ளே விடுவார்கள். வரிசையில் முந்திப்போகும் லைட்னிங் லேன் பாஸை 7 நாள் முன்பே பதியலாம், மற்றவர்களுக்கு 3 நாள்தான். பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் தனி வீடு எடுத்தால் இந்த இரண்டும் போச்சு, பதிலுக்கு அடுப்பு கிடைக்கும். தயிர்சாதம் இல்லாமல் என் மாமனாருக்கு நாள் முடியாது, அதனால் நாங்கள் அடுப்புக் கட்சி. லைட்னிங் லேன் கூட்ட நாட்களில் மேஜிக் கிங்டமில் ஓர் ஆளுக்கு 30 டாலருக்கு மேலேயே போகும். பெரியவர்களுக்கு வாங்காதீர்கள், அவர்கள் ஏறப்போவதில்லை. கிறிஸ்துமஸ் வாரமே போவதென்றால் மற்றவர்களுக்கு ஒரு நாள் மட்டும் வாங்கலாம்.

பெரியவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் யாரும் யோசிக்காத விஷயம். ஒரு நாளில் பத்துக் கிலோமீட்டர் சாதாரணமாக நடந்துவிடுவோம். முதல் நாளே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். "ஏம்மா, நான் என்ன படுத்த படுக்கையாவா கிடக்கேன், வண்டில வெச்சுத் தள்ள?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அத்தை. அப்புறம் பேரனின் காலி ஸ்ட்ரோலரை நான்தான் தள்ளுவேன் என்று வாங்கிக்கொண்டார். நாள் முழுக்க அதில் சாய்ந்து சாய்ந்தே நடந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குப் பிடித்த இடம் மேஜிக் கிங்டமில் இருக்கும் கரோசல் ஆஃப் பிராகிரஸ். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த பழைய பொம்மை நாடகம். இருபது நிமிடம், ஏசி, நல்ல நாற்காலி, நாற்காலிகளோடு அரங்கமே சுற்றும். கூட்ட நாளிலும் வரிசை பெரிதாக இருக்காது. கடைசிக் காட்சி கிறிஸ்துமஸ் இரவு. பேசினால் கேட்கும் அடுப்பு எதையோ தப்பாகக் கேட்டுக்கொண்டு வான்கோழியைக் கருக்கிவிடும். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத அத்தை அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார். "அடுப்புல வெச்சுட்டு ஆள் பாக்காம இருந்தா இப்படித்தான்." மறுநாள் மறுபடி அழைத்துப்போகச் சொன்னார்.

மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு நாள் மட்டும் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் இருக்கும் சனா என்ற உணவகத்துக்குப் போங்கள். அதற்கு பார்க் டிக்கெட் தேவையில்லை. நான் ரொட்டி வகைகளையும் தொட்டுக்கொள்ளச் சட்னிகளையும் ஒரு தட்டில் வைப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். 60 நாள் முன்பிருந்தே மேசை பதியலாம், முந்திக்கொள்ளுங்கள்.

துணிமணி: டிசம்பரில் பகல் 22, 23 டிகிரி என்று நம்பி அரைக்கைச் சட்டையோடு போகாதீர்கள். 2022 கிறிஸ்துமஸில் ஓர்லாண்டோவில் குளிர் உறைநிலையைத் தொட்டது. மாமனார் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாயைப் பார்த்து விமான நிலையத்தில் சிரித்த எல்லோரும், அன்றைக்கு அதைக் கடன் கேட்டோம்.

கடைசியாக, கிளம்புமுன் பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே ஷூவோடு அளந்துவிடுங்கள். சுரங்க ரயிலுக்கு 38 அங்குலம், ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டருக்கு 44. குறைந்தால் குறைந்ததுதான், கெஞ்சினாலும் நடக்காது. பிள்ளையோடு ஒருவர் வெளியே நிற்க மற்றவர் ஏறிவரலாம். பிறகு நின்றவர் திரும்ப நீள வரிசை நிற்காமல் ஏறலாம். நுழையும்போதே ஊழியரிடம் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். 2022-இல் என் மகன் முப்பத்தேழரை. 2024-இல் நாற்பத்து மூன்றரை. இரண்டு முறையும் அந்த அளவுகோலுக்குக் கீழே தலைமுடியைக் கையால் நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தான். இப்போது சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அளந்தது 46.