கசானுக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் மருத்துவம் படிக்கக் கசானுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். குளிர் தாங்குமா, அங்கே யாரும் சிரிக்கவே மாட்டார்களாமே, ரஷ்யா முழுக்க ஒரே மாதிரிதானா என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து பதினான்கு வருடமாகிறது. குளிரை முதலில் முடித்துவிடுகிறேன். வீடு, விடுதி, வகுப்பறை எல்லாவற்றிலும் சுவரோரம் வெந்நீர்க் குழாய் ஓடும். உள்ளே அரைக்கைச் சட்டையில் இருக்கலாம். ஊரில் கோட்டு வாங்காதீர்கள். இங்கே வந்து, அடி தடித்த நல்ல பூட்ஸோடு சேர்த்து வாங்குங்கள்.

ஒரே மாதிரியா என்ற கேள்விதான் எனக்குப் பிடித்தது. மாஸ்கோவிலிருந்து கசானுக்கு ஓர் இரவு ரயில் பயணம். அதே மாஸ்கோவிலிருந்து நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள விளாதிவஸ்தோக் ரயிலில் 9,288 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ஓடும் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாட்டுக்குள் 11 நேர மண்டலங்கள். நம் ஊரில் ஒரு நாள் ரயிலில் போனால் மொழி, மண், சாப்பாடு எல்லாம் மாறிவிடும். இங்கே இரண்டு நாள் போனாலும் ஜன்னலில் அதே பிர்ச் மரங்கள்தான். பாடப்புத்தகத்தில் படித்த யூரல் மலையை நான் கண் கொட்டாமல் தேடினேன். காடு மூடிய மேடுகளாக வந்து போய்விட்டது. ஆனால் ரயிலுக்குள் இருக்கும் மனிதர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு கோடையில் யெகாதெரின்பர்க் போய், அங்கிருந்து சைபீரியாவில் உள்ள இர்குத்ஸ்க் வரை பிளாத்ஸ்கார்த்தில் போனேன். தடுப்புக் கதவே இல்லாத, 54 படுக்கை கொண்ட பெட்டி அது. ஓரத்தில் எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும். எதிரே இருந்த பாட்டி முதல் மூன்று மணி நேரம் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ரொட்டி எடுத்து முதலில் என் பக்கம் நகர்த்தினார். இறங்கும்வரை என்னைப் பட்டினி போடவில்லை. தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது இங்கே வழக்கமில்லை, அவ்வளவுதான். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல் படுக்கையில் இருந்தவர் புரியாத் இனத்தவர், பௌத்தர். பைகால் ஏரிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. 1,642 மீட்டர் ஆழமுள்ள அந்த ஏரியை அவர் கடல் என்றே சொன்னார்.

கசானும் நீங்கள் நினைக்கிற ரஷ்யா இல்லை. இது பெரும்பாலும் முஸ்லிம்களான தாத்தார் இன மக்களின் ஊர். 1552-இல் ரஷ்ய மன்னர் இவான் பிடித்த கோட்டைக்குள் இன்று பழைய தேவாலயமும், 2005-இல் திறந்த குல் ஷரீஃப் மசூதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மெட்ரோவில் தாத்தார் மொழியிலும் அறிவிப்பு வரும். இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு ‘ரஹ்மத்’ என்று நன்றி சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறும்.

ஆசிரியர்களைப் பெயரோடு அவர்கள் அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். அன்னா செர்கேயெவ்னா என்றால் செர்கேயின் மகள் அன்னா. இனிஷியல் போடும் நமக்கு இது உடனே பிடிபடும். உங்கள் அப்பா முருகன் என்றால் நீங்கள் முருகனோவிச் ஆகிவிடுவீர்கள். எங்கள் மாடியில் இருக்கும் பெரியவர் என்னை அப்படி அப்பா பெயரோடு முதன்முதலில் கூப்பிட்ட அன்று, வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், நம் வழக்கம்தான். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கை குலுக்காதீர்கள், இங்கே அது அபசகுனம். பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். மார்ச் 8 மகளிர் தினத்தன்று வீட்டுக்கார அம்மாவுக்கு நான் நான்கு பூ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரட்டைப்படை இறந்தவர்களுக்கு உரியது என்று எனக்குத் தெரியாது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒன்றைத் தனியே எடுத்து வேறு குவளையில் வைத்தார்.

ஜூனில் ஊருக்கு டிக்கெட் போடும் முன் சபான்துய் பார்த்துவிடுங்கள். விதைப்பு முடிந்ததும் தாத்தார்கள் கொண்டாடும் திருவிழா அது. குதிரைப் பந்தயம் உண்டு. எதிராளியின் இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்து மோதும் குராஷ் மல்யுத்தமும் உண்டு. அதில் வென்றவர், பரிசாகக் கிடைத்த உயிருள்ள செம்மறிக் கடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் முன் நிற்பார்.