வாயால் டைப் அடிக்க எவ்வளவு கொடுத்தீர்கள்?

போன மாதம் இந்தப் பகுதியில், ‘தமிழில் பேசினால் கணினி தானே டைப் அடிக்கும், அதற்குக் காசு தர வேண்டியதில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களில் பாதி, ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டவர்களுடையவை.

கே: தமிழில் பேசி டைப் செய்ய எந்த மென்பொருள் வாங்கலாம்? 5,000 ரூபாய் வரை செலவழிக்கத் தயார். (சேலம் வாசகர்)

ப: எதையும் வாங்காதீர்கள்.

விண்டோஸ் 11 என்றால், செட்டிங்ஸில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேருங்கள். கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, விண்டோஸ் பொத்தானையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் மைக் படம் வரும். விண்டோஸ் 10-இல் இந்த வழியில் தமிழ் கிடையாது. அங்கே குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ‘வாய்ஸ் டைப்பிங்’ போங்கள். மைக் படத்துக்கு மேலே மொழி கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் 2017-லேயே தமிழுக்குக் குரல் தட்டச்சைக் கொடுத்துவிட்டது. இரண்டு வழிக்கும் நெட் வேண்டும். நடுவில் வேறு பக்கத்துக்குத் தாவினால் டாக்ஸ் கேட்பதை நிறுத்திவிடும். டாக்ஸில் முற்றுப்புள்ளி, காற்புள்ளியெல்லாம் நீங்கள் கையால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த 5,000-இல் ஒரு பங்குக்கு நல்ல யூ.எஸ்.பி. மைக் வாங்குங்கள். செலவழிக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

கே: மறைந்த என் கணவரின் கவிதை நோட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். விரல் மூட்டுவலியால் டைப் செய்ய முடியாது. வீட்டுக்கு வந்த ஒருவர் ‘தமிழ்க் குரல் மென்பொருள், ஆயுளுக்கும் வரும்’ என்று 4,800 ரூபாய் ஜீபேயில் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் ஓடியது. இப்போது ஏதோ பாஸ்வேர்டு கேட்கிறது. அவர் போனை எடுப்பதில்லை. திரையை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி)

ப: அம்மா, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரையில் இருக்கும் அந்த மைக் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால் ‘டார்கெட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குரோம் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும். உங்களுக்கு விற்கப்பட்டது மென்பொருளே அல்ல. மேலே சேலத்துக்காரருக்குச் சொன்ன அதே கூகுள் டாக்ஸுக்கு ஒரு குறுக்குவழி, அதன் மேல் ஒட்டிய ஒரு படம். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் தெரிகிற மின்னஞ்சல் முகவரி உங்களுடையது அல்ல, அவருடையது. தன் கணக்கில் நுழைத்துக் கொடுத்திருக்கிறார். பிறகு பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்.

4,800 ரூபாயைவிட எனக்கு வேறொரு கவலை. இரண்டு மாதமாக நீங்கள் வாசித்து ஏற்றிய கவிதைகள் எல்லாம் அந்த மனிதரின் கணக்கில் கிடக்கின்றன. எனவே முதல் வேலையாக, பணத்தைப் பற்றிப் பேசாமல், ‘அந்தக் கோப்புகளை என் மின்னஞ்சலுக்குப் பகிர்ந்துவிடுங்கள்’ என்று மட்டும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செய்தி ஆதாரம். நோட்டுகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அதற்கு மசியாவிட்டால் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ், 15 நாள் அவகாசம் கொடுத்து. ரசீது இல்லையே என்று கலங்க வேண்டாம். ஜீபேயில் இருக்கும் தேதியும் தொகையும் பேசும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வாங்கலுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இலவசமாகக் கிடைப்பதைத் தன் சரக்கு என்று சொல்லி விற்றிருக்கிறார். இதை ஆணையத்தில் எடுத்துச் சொல்லச் சட்ட அறிவு வேண்டாம், அந்த டார்கெட் கட்டத்தின் போட்டோ போதும்.

கே: டிராகன் என்ற குரல் தட்டச்சு மென்பொருளில் தமிழ் வருமா? கடைக்காரர் வரும் என்கிறார். (ஈரோடு)

ப: வராது. வரும் என்கிறவரையே உங்கள் எதிரில் பேசிக் காட்டச் சொல்லுங்கள்.

கே: ஆன்லைனில் சட்டையில் குத்தும் காலர் மைக் வாங்கினேன். போனில் வேலை செய்கிறது. மேசைக் கணினியில் சுத்தமாக இல்லை. மைக் சரியாக இருக்கிறது, கணினிதான் கோளாறு என்று விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (திருநெல்வேலி)

ப: இரண்டுமே சரியாகத்தான் இருக்கின்றன. மைக்கின் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் அது போனுக்கான பின்; இரண்டு இருந்தால் கணினியின் இளஞ்சிவப்பு ஓட்டைக்குப் போகும். உங்களுடையது மூன்றாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் ஒற்றை ஓட்டை, மறு பக்கம் இரண்டு பின் உள்ள ‘ஸ்பிளிட்டர்’ என்று கேளுங்கள், நூறு நூற்றைம்பதுக்குக் கிடைக்கும். ஒரே ஓட்டை உள்ள லேப்டாப் என்றால் அதுவும் தேவையில்லை.

இந்த வளையக் கணக்கு தெரிவதற்கு முன் நான் மூன்று காலர் மைக் வாங்கியிருக்கிறேன். மூன்றும் மேசை டிராயரில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விற்பனைப் பக்கத்தில் ‘கணினிக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தால் அதைப் படம் எடுத்து வைத்து, திருப்பிக் கொடுப்பதில் விடாப்பிடியாக நில்லுங்கள். போடவில்லை என்றால் ஸ்பிளிட்டர்தான்.

கே: நாட்டார் வழக்காற்றியலில் ஆய்வு செய்கிறேன். கிராமத்துப் பெரியவர்களிடம் எடுத்த 40 மணி நேர ஒலிப்பதிவு இருக்கிறது. ‘தமிழில் 99 சதவீதத் துல்லியம்’ என்று ஒரு தளம் ஆண்டுச் சந்தா கேட்கிறது. நம்பலாமா? (மதுரை)

ப: இந்த 99 சதவீதத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் அதே எண்ணைப் பச்சை எழுத்தில் பார்த்து மயங்கி, ஒரு தளத்தில் ‘லைஃப்டைம்’ திட்டத்துக்கு 6,000 ரூபாய் கட்டினேன். முதலில் ஏற்றியது என் பெரியப்பாவின் பேச்சு. ‘கமலையில தண்ணி எறச்சோம்’ என்கிறார். கமலை என்றால் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் சாதனம். திரையில் வந்தது: ‘கமலா இல்ல தண்ணி எரிச்சோம்’. பெரியம்மாவுக்குக் கமலா யார் என்று நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பதினோராவது மாதம் தளமே மூடிவிட்டது. ஆயுள் என்றது அவர்களுடைய ஆயுளை.

99 சதவீதம் என்றால் எதில்? செய்தி வாசிப்பவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த தமிழிலா, களத்துமேட்டில் காற்றடிக்கும்போது இரண்டு பேர் ஒருவரையொருவர் மறித்துப் பேசிய தமிழிலா? அதை யாரும் சொல்வதில்லை. ஒரு மணி நேரப் பேச்சில் 6,000 சொற்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று தப்பினால் 60 பிழை, ஒரு காபி குடிக்கும் நேரத்தில் திருத்திவிடலாம். நூற்றுக்கு இருபது தப்பினால் 1,200. அதைத் திருத்துவதற்குப் பதில் முதலிலிருந்தே கையால் எழுதிவிடலாம். இன்னொன்று, தமிழில் எது பிழை என்பதே வழக்கு. பெரியவர் ‘வந்துக்கிட்டிருந்தோம்’ என்கிறார், மென்பொருள் ‘வந்துகொண்டிருந்தோம்’ என்று எழுதுகிறது. நிருபருக்கு அது சரி. உங்களைப் போல வட்டார வழக்கைப் பதிகிறவருக்கு அது அழிப்பு. ‘அரை ஏக்கர்’ என்றால் ‘அறை ஏக்கர்’ என்று வரும். பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்ட ஊரில் இயந்திரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது; ஆனால் விளம்பரத்தைச் சொல்லலாம். ஆதாரமில்லாத துல்லியக் கணக்கு, தவறாக வழிநடத்தும் விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

சந்தா கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் 40 மணி நேரத்தில் படுமோசமான ஐந்து நிமிடத்தை எடுத்து, இலவசச் சோதனையில் ஏற்றிப் பாருங்கள். நல்ல ஐந்து நிமிடத்தை அல்ல. எல்லோரும் நல்லதைத்தான் ஏற்றுகிறார்கள்.

காசு கட்டாமலும் வழி இருக்கிறது. சாட்ஜிபிடி நிறுவனமான ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில், பேச்சை எழுத்தாக்கும் ‘விஸ்பர்’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. கட்டணத் தளங்கள் பலவற்றின் அடியில் ஓடுவது அதுதான். உங்கள் கணினியிலேயே, நெட் இல்லாமல் ஓடும். அதன் பெரிய மாடலுக்கு 10 ஜிபி அளவு நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு வேண்டும். சாதாரண லேப்டாப்பில் சின்ன மாடலை இரவு ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது என்று சொல்வார்கள். அதில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்தே 1,17,000 மணி நேரம்தான் என்பதை மறக்க வேண்டாம். யாரும் பேசாமல் இருக்கும் இடங்களில் சமயத்தில் தானாக வாக்கியம் புனைந்துவிடும். ஆய்வேட்டில் பெரியவர் சொல்லாததை அவர் வாயில் வைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு வரியையும் ஒலியோடு ஒத்துப் பாருங்கள்.

கே: ஏழு நாள் இலவசம் என்று ஒரு குரல் தட்டச்சு ஆப்பில் 1 ரூபாய் கட்டினேன். பிடிக்கவில்லை, அன்றைக்கே ஆப்பை நீக்கிவிட்டேன். எட்டாம் நாள் 2,999 ரூபாய் பிடித்துவிட்டார்கள். (கோவை)

ப: ஆப்பை நீக்குவது வேறு, ஆட்டோபேயை, அதாவது பணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ள நீங்கள் தந்த அனுமதியை, நீக்குவது வேறு. இதை இந்தப் பகுதியில் எத்தனையாவது தடவை எழுதுகிறேன் என்று எனக்கே எண்ணிக்கை இல்லை. 1 ரூபாய் கட்டும்போது திரையில் ‘2,999 வரை’ என்று காட்டியிருக்கும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்திருக்க வேண்டும், அது ரிசர்வ் வங்கி விதி. மெசேஜ் பெட்டியைத் திறந்து தேடுங்கள்.

வந்திருக்கவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், உங்கள் பக்கம் வலு இருக்கிறது. வந்திருந்தால், ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைத்திருந்தார்களா என்று பாருங்கள். அதற்கு ‘சந்தாப் பொறி’ என்று பெயர், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. எதுவானாலும் இன்றைக்கே யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடமும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

கே: கட்சிக்காரர் பேசிய ஆடியோவை இலவசத் தளத்தில் ஏற்றி எழுத்தாக்கலாமா? (வழக்கறிஞர், திருச்சி)

ப: கட்சிக்காரரைக் கேட்டீர்களா? மதுரை மாணவருக்குச் சொன்ன விஸ்பரைப் படியுங்கள், அதில் ஆடியோ உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது.

கே: டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். பேசி டைப் செய்ததைப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் வருகிறது. குரல் மென்பொருளை மாற்ற வேண்டுமா? (சிவகாசி)

ப: மாற்ற வேண்டாம். குரலில் வருவது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு; பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. என்எச்எம் கன்வர்ட்டரை இலவசமாக இறக்கி, யூனிகோடிலிருந்து நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது. திருமணப் பத்திரிகைதான் இன்னும் மாறவில்லை.

கே: நான் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சரி செய்கிறேன். இந்தக் குரல் டைப்பிங்கை அமைத்துக் கொடுத்து, சொல்லியும் கொடுத்து 300 ரூபாய் வாங்குகிறேன். இலவசமானதற்குக் காசு வாங்குவதால் நானும் ஏமாற்றுக்காரனா? (நீடாமங்கலம்)

ப: இல்லை தம்பி. அது உங்கள் கூலி. ரசீதில் ‘அமைத்துக் கொடுத்ததற்கு’ என்று எழுதுங்கள். அவரவர் சொந்தக் கணக்கிலேயே அமைத்துக் கொடுங்கள். மன்னார்குடி உங்களுக்குப் பக்கம்தானே? அந்த ஆசிரியை சம்மதித்தால் உங்கள் எண்ணைக் கொடுக்கிறேன். 300 ரூபாயை நான் அனுப்புகிறேன், அவரிடம் வாங்க வேண்டாம்.