பெட்டிதான் படுத்தது, போட்டோக்கள் அல்ல

கேள்வி: இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட எங்கள் வீட்டு நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), கரண்ட் போய் வந்ததிலிருந்து ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு ஒரு நொடி மின்னி அணைகிறது. பத்து வருடப் போட்டோக்கள் போயே போச்சா?

பதில்: பதறாதீர்கள். விளக்கு மின்னுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். என் பெட்டியும் இப்படித்தான் ஒருநாள் படுத்துக்கொண்டது. அடாப்டரில் மல்டிமீட்டர் வைத்தேன், 12 வோல்ட் சரியாகக் காட்டியது. அதை நம்பி மதர்போர்டைக் குறை சொல்லி இரண்டு நாள் வீணாக்கினேன். சுமை இல்லாதபோது வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கும். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். உள்ளே கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கித் தரும் பாகம்) தளர்ந்த அடாப்டர் அப்போது மூச்சை விட்டுவிடும்.

அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்குகளில் 1, 2 என்று எழுதி வெளியே எடுங்கள். வெறும் பெட்டியை ஆன் செய்து பாருங்கள். விளக்கு நின்று எரிந்தால் பெரும்பாலும் அடாப்டர்தான். புதியது வாங்கும்போது வோல்ட்டும் பின்னின் பிளஸ்-மைனஸும் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. புது அடாப்டர் போட்டும் அசையவில்லை என்றால் மதர்போர்டு.

அப்புறம் ஒன்று: டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். பெரும்பாலான நாஸ்கள் லினக்ஸ் முறையில் எழுதுவதால் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாமல் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். தப்பித்தவறியும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.