மாவு யானைக்குக் காது நிற்கவில்லையா?

பண்டிகை நாளிலும் பள்ளி விடுமுறையிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து, செய்ததையே சாப்பிட்டும் விடுகிற கைவேலைகள் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: விநாயகர் சதுர்த்திக்கு ஐந்து வயது மகளோடு சேர்ந்து கொழுக்கட்டை மாவில் எலி, யானை, பிள்ளையார் எல்லாம் பிடிக்கிறேன். பிடிக்கும்போதே வெடிப்பு விடுகிறது. தப்பித்தவை ஆவியிலிருந்து காது இல்லாமல் வருகின்றன. எங்கே தவறு? – வாசகி, பாலக்கோடு

இரண்டும் வேறு வேறு தவறுகள். வெடிப்பிலிருந்து தொடங்குவோம்.

கோதுமை மாவில் இருக்கும் இழுவை அரிசி மாவில் கிடையாது. கொதிநீர் பட்டுப் பாதி வெந்த மாவுதான் மீதி மாவைப் பிடித்து வைக்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் சூடாக மட்டும் இருந்தால் அந்தப் பிடிப்பு வராது. எவ்வளவு பிசைந்தாலும் வெடிக்கும். கடையில் வாங்கிய வறுத்த மாவு ஒரு கப் என்றால் தண்ணீர் ஒன்றரை கப். பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, மெஷினில் அரைத்த ஈரமாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கப் போதும். அரை டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயும் போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து மாவைக் கொட்டிக் கிளறிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டிலேயே, எண்ணெய் தொட்டு மூன்று நான்கு நிமிடம் நீங்கள் பிசைய வேண்டும். இந்த வேலை பிள்ளைக்கு வேண்டாம்.

எலுமிச்சை அளவு உருட்டித் தட்டிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் வெந்நீரில் கையை நனைத்து மறுபடி பிசையுங்கள். விரலில் ஒட்டினால் பச்சை மாவைத் தூவாதீர்கள், தின்னும்போது அது நறநறக்கும். அடி கனமான பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் ஒரு நிமிடம் கிளறினாலே ஈரம் இறங்கிவிடும்.

மாவு சரியாக இருந்தும் குழந்தை கையில் வெடிக்கிறதென்றால் காரணம் நேரம்தான். நாம் ஒரு நிமிடத்தில் பிடிப்பதற்கு அவளுக்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் மேல்பக்கம் காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். மாவு முழுவதையும் ஈரத்துணியில் மூடி வைத்து, ஒரு தடவைக்கு ஓர் உருண்டை மட்டும் கொடுங்கள்.

இனி காது. தட்டையாகத் தட்டி மேலே ஒட்டிய காது உண்மையில் ஒட்டியிருக்காது, சாய்ந்துதான் நிற்கும். ஆவி பட்டதும் நழுவும். காதுக்கான மாவைப் புளியங்கொட்டை அளவு எடுத்து, ஒரு முனையைக் கூராக்குங்கள். யானைத் தலையில் சுண்டுவிரலால் ஒரு குழி. குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர். கூர்முனையை உள்ளே நுழைத்து, சுற்றியுள்ள மாவை அதன் மேல் இழுத்துத் தடவிவிட்டுக் கடைசியில் காதைத் தட்டையாக்குங்கள். குழி போடும் வேலையைப் பிள்ளையிடம் விடலாம், அந்தச் சின்ன விரல் அதற்குச் சரியான அளவு. தும்பிக்கையைக் காற்றில் நீட்ட வேண்டாம், வயிற்றோடு சாய்த்து ஒட்டுங்கள். நிற்க வைப்பதற்காகப் பல்குத்தும் குச்சியை உள்ளே செருகவே கூடாது. கடிக்கும் பிள்ளைக்கு அது தெரியாது.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகே தட்டை வையுங்கள். எலுமிச்சை அளவு பொம்மைக்குப் பத்து நிமிடம். அதைவிடப் பெரிதாகப் பிடித்தால் நடுவில் வேகாது, வேகட்டும் என்று விட்டால் மேலே வெடிக்கும். மூடிக்கு அடியில் துணி கட்டுங்கள், சொட்டும் நீர்தான் முகத்தைக் கரைக்கிறது. இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு எடுத்தால் காது காதாகவே வரும்.

யானைக்கு ராகி மாவு இன்னும் பொருத்தம். முக்கால் கப் ராகியை வாசம் வரும்வரை வறுத்து, கால் கப் அரிசி மாவு சேர்த்து, ஒன்றேகால் கப் கொதிநீரில் இதே முறையில் கிளறுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி வயலைத் தேடி யானை வருவதைப் பெரியவர்கள் பேசக் கேட்ட பிள்ளைகள், ராகியிலேயே யானை பிடிப்பதை விரும்பிச் செய்வார்கள்.

கேள்வி: கடையில் விற்கும் கலர் பொடி இல்லாமல் மாவுக்கு நிறம் கொடுக்க முடியுமா? – வாசகி, ஊத்தங்கரை

தாராளமாக. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு சிவப்புக்கு. ஆனால் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றாமல், பிசைந்த மாவில் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். நீண்ட நேரம் சூடு பட்டால் பழுப்பேறிவிடும். மஞ்சளுக்கு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. அந்த மாவில் சோடா உப்பு சேர்ந்தால் சிவந்துபோகும், சுண்ணாம்பு பட்ட மஞ்சளைப் போல. பச்சைக்குப் பாலக்கீரையை ஒரு நிமிடம் மட்டும் வெந்நீரில் போட்டெடுத்து அரையுங்கள்.

பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பது சங்குப்பூவைத்தான். பத்து நீலப் பூக்களின் பச்சைக் காம்பை நீக்கி, அரை கப் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டால் தண்ணீர் நீலமாகும். அதைப் பாதி எடுத்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள். கண்ணெதிரே ஊதாவாக மாறும். ஒரே பூவில் இரண்டு நிறம் கிடைத்துவிட்டது. கோலத்துக்கு விற்கும் வண்ணப் பொடி மட்டும் சமையல் பக்கமே வரக் கூடாது.

கேள்வி: பொம்மைக்குக் கண்ணாக மிளகு வைக்கலாமா? – வாசகர், அரூர்

வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிளகு, கிராம்பு, முழு வேர்க்கடலை, முழு திராட்சை எதுவுமே வேண்டாம். மூச்சுக்குழலில் போய் அடைக்கக்கூடியவை அவை. கறுப்பு எள் போதும்.

கேள்வி: அங்கன்வாடியில் இருபது பிள்ளைகள். அடுப்பைப் பக்கத்தில் வைத்துச் செய்ய முடியாது. ஏதாவது வழி உண்டா? – பணியாளர், பென்னாகரம்

பொட்டுக்கடலை மாவு. கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால், செய்துகொண்டே வாயில் போட்டாலும் பயமில்லை. பச்சை அரிசி மாவையும் கோதுமை மாவையும் அப்படித் தின்னவிடக் கூடாது. அரை கிலோ மாவுக்குக் கால் கிலோ நாட்டுச்சர்க்கரை, சுமார் 200 கிராம் உருக்கிய நெய். ஆளுக்கு ஒரு பெரிய எலுமிச்சை அளவு வரும். சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்துக்கொள்ளுங்கள், கட்டி இருக்கும் இடத்தில்தான் உருண்டை உடையும். நெய்யை மொத்தமாக ஊற்றாதீர்கள். பிடித்தால் நிற்கும் பதத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகளின் கைச்சூட்டில் நெய் இளகி மாவு தளர்ந்தால் கால் மணி நேரம் அப்படியே வைத்தால் இறுகும். நெய் தடவிய சின்னக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்தால் ஆமை ஓடு, கயிறாக உருட்டிச் சுருட்டினால் நத்தை.

கேள்வி: ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவதில் நான்கு வயதுப் பையனுக்கு என்ன வேலை கொடுப்பது? போன வருஷம் எங்கள் தேங்காய் நெருப்பில் வெடித்துச் சிதறியது. – வாசகர், தருமபுரி

நார் நீக்கிய தேங்காயைச் சிமெண்ட் தரையில் தேய்த்து மழமழப்பாக்குவது அவன் வேலை. அரை மணி நேரம் அவன் தேய்க்கட்டும். மூன்று கண்ணில் மெதுவான கண் எது என்று அவனையே தொட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். துளை போடுவது நீங்கள். தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள்.

நடுத்தரக் காய் ஒன்றுக்குப் பொடித்த வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி. அவல், பொட்டுக்கடலை, வறுத்த பச்சைப்பயறு தலா ஒரு மேசைக்கரண்டி. எள் ஒரு டீஸ்பூன். காகிதக் கூம்பு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் போட, நீங்கள் குச்சியால் தள்ளுங்கள். வெல்லம் தூளாக இல்லாவிட்டால் துளையிலேயே அடைத்துக்கொள்ளும்.

வெடித்ததற்குக் காரணம் அநேகமாக நிரப்பின அளவுதான். அவலும் பயறும் ஊறி உப்பும், தண்ணீர் ஆவியாகும். இரண்டுக்கும் இடம் வேண்டும். காயில் கால் பங்கைக் காலியாக விட்டு, வடித்த நீரில் இரண்டு மூன்று கரண்டி மட்டும் திரும்ப ஊற்றுங்கள். மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியைச் செருகி, கொழுந்து அடங்கிய தணலில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். ஓடு கறுத்து விரிசல் விட்டு, வெல்ல வாசம் வந்தால் எடுத்துவிடலாம். பையன் நெருப்பிலிருந்து நாலு எட்டுக்கு அப்பால் நிற்கட்டும். உள்ளே வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருக்கும், அரை மணி நேரம் ஆறிய பிறகே உடையுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிஸ்கட் வீடு கட்டினோம். சாயங்காலத்துக்குள் கூரை உள்ளே விழுந்துவிட்டது. – வாசகி, ஓசூர்

உங்கள் ஊர் டிசம்பர் ஈரத்தில் பிஸ்கட் நமத்துப்போகும். வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணி வாக்கில் தொடங்குங்கள். புதுப் பாக்கெட் பிரியுங்கள். பூச்சுக்கு ஒரு கப் பொடித்த சர்க்கரையில் பாலை டீஸ்பூன் டீஸ்பூனாக விட்டுக் குழையுங்கள், நான்கு ஐந்துக்கு மேல் வேண்டியிருக்காது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் மெதுவாக நகர வேண்டும். வழிந்தால் அது பிஸ்கட்டையும் ஊற வைக்கும்.

நடுவில் ஒரு டம்ளரை வைத்து, அதன் மேல் நாலு சுவரையும் சாய்த்து ஒட்டுங்கள். கூரையை உடனே ஏற்றியதுதான் தவறு. சுவர் முக்கால் மணி நேரம் காயட்டும். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் கூரை பிஸ்கட்டில் எள்ளும் தேங்காய்த் துருவலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். டம்ளரைக் கடைசி வரை எடுக்க வேண்டாம், கூரையைத் தாங்குவது அதுதான்.